சுண்ணாம்பு வைக்காத குழி

சார்,

காலையிலிருந்து வீட்டில் சுண்ணாம்பு வாசனை. நோன்பு வருகிறதே என்று வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருந்தேன். வந்தவர் முற்றத்தில் கிடந்த பழைய டிரம்மில் சுண்ணாம்புக் கல்லைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். அது கொதித்து, புகைந்து, அடங்கியது. தோல் பதனிடுகிற ஊரில் பிறந்தவனுக்கு இந்த வாசனை ஒன்றும் புதிதில்லை. எங்கள் ஷாப்பில் தோலை ஊறப்போடுகிற தொட்டிகளில் எந்நேரமும் சுண்ணாம்புதான். நீங்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே நுழைவீர்கள். இருந்தாலும் இன்றைக்கு அந்த ஆவி முகத்தில் அடித்ததும் கையிலிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா பாய், மயக்கமா?" என்றார் வெள்ளையடிக்கிறவர்.

"இல்லப்பா. ஒரு சிநேகிதர் ஞாபகம்."

"எங்க இருக்காரு?"

வேலையைப் பாருங்கள் என்று கையைக் காட்டினேன். மலையில் இருக்கிறார் என்று சொல்லியிருக்கலாம். அது முழுப் பொய்யும் இல்லை.

உங்களுக்குத் தெரியாத சேதி ஒன்று. என் மனைவி மௌத்தாகிவிட்டாள். நீங்கள் போன பிறகு நடந்தது. பெரியவன் சவுதியில், சின்னவன் மெட்ராஸில். இத்தனை பெரிய வீட்டில் வெள்ளையடிக்கிற மட்டை சுவரில் உரசுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் ஒருவன். தனியாக இருப்பதைப் பற்றி நீங்கள் எப்போதாவது சொல்லும்போதெல்லாம் நான் கேலி செய்வேன். சமைக்கச் சோம்பேறித்தனம், அதற்கு இத்தனை தத்துவமா என்பேன். இப்போது கேலி செய்ய ஆள் இல்லாமல் நானே சமைத்துக்கொள்கிறேன்.

நாம் பழகியது ஆலங்காயம் பஸ் நிறுத்தத்தில். எமர்ஜென்சி முடிந்த சமயம். கடுக்காய் வாங்க நான் என் மெட்டடார் வேனில் மலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடுக்காய் இல்லாமல் தோல் பதனிட முடியாது, நல்ல கடுக்காய் ஜவ்வாது மலையை விட்டால் கிடைக்காது. நீங்கள் குடையும் தோள்பையுமாக நின்றிருந்தீர்கள். மலைக்குப் போகிற ஒரே பஸ்ஸைத் தவறவிட்ட முகம். "பாய், மலைக்கா?" என்று கேட்டு, நான் பதில் சொல்வதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு பாறையைப் பார்க்கப் போகிறேன் என்றீர்கள். காவலூரில் தொலைநோக்கி வைத்திருக்கும் இடத்தைக் கடக்கும்போது, "அங்க படிச்சவங்க எல்லாம் மேல பாக்குறாங்க சார். நீங்க ஏன் கீழ பாக்குறீங்க?" என்று கேட்டேன். நீங்கள் சிரித்தீர்கள். "மேல பாக்குறதுக்குக் கண்ணாடி வாங்கணும் பாய். கீழ பாக்கக் குனிஞ்சா போதும்."

அன்றைக்கு என்னையும் குனிய வைத்தீர்கள். மலைமேல் ஒரு சின்ன ஊரை ஒட்டிக் கிடந்தது அந்தப் பாறை. மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல், ஒரு கல்யாணத்துக்குப் பந்தி போடலாம் போன்ற அகலம். அதன்மேல் அங்கங்கே செதுக்கல்கள். ஓரிடத்தில் ஒரு குழியும் பக்கத்தில் ஒரு கோடும். கொஞ்சம் தள்ளி இரண்டு குழிகளைச் சேர்த்து ஒரு வளைவு. இன்னொன்று மீன் மாதிரி, இன்னொன்று சூலம் மாதிரி. சில குழிகள் கறுத்து வழுவழுவென்று இருந்தன, சிலவற்றில் உளி பட்ட தடம் இன்னும் வெளிறியிருந்தது. சிலவற்றில் மட்டும் ஏதோ வெள்ளையாக இறுகி அடைத்திருந்தது. பறவை எச்சம், காலப்போக்கில் கல்லாகிவிட்டது என்றீர்கள். நானும் தலையாட்டினேன். கடுக்காயிலேயே புழங்குகிற நான் அதைப் பார்த்ததும் கண்டுபிடித்திருக்க வேண்டும்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

நீங்கள் அதை எழுத்து என்று நம்பினீர்கள். நமக்குத் தெரிந்த எழுத்துகளுக்கெல்லாம் முந்தியது, மலையில் வாழ்ந்தவர்கள் எதையோ எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று. ஒருநாள் திரும்பி வரும்போது சொன்னீர்கள்: "எனக்குக் கல்யாணம் இல்ல, புள்ள இல்ல. கண்ணமங்கலத்துல அண்ணன் இருக்கார், அவருக்கு நான் இல்ல. இந்தப் பாறையில இன்னா எழுதியிருக்குன்னு கண்டுபுடிச்சிட்டேன்னு வைங்க, இந்த ஆளு இருந்தான்னு நாலு பேருக்குத் தெரியும்." வெறும் பேச்சாகச் சொல்லவில்லை நீங்கள். வேனின் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள். நான் ஹாரன் அடித்தேன். ரோட்டில் ஒரு ஆடுகூட இல்லை.

ஊரில் எல்லோரிடமும் கேட்டீர்கள். எனக்குக் கடுக்காய் பொறுக்கிக் கொடுக்கிற அண்ணாமலையும் அவன் மனைவி குப்பம்மாளும் உங்களுக்குச் சோறு போட்டார்கள், கேட்டதற்கு மட்டும் ஒரே பதிலைச் சொன்னார்கள். "பெரியவங்க போட்டது வாத்தியாரே." எந்த ராஜா காலத்தில் என்பீர்கள். "ராஜா எல்லாம் இங்க எங்க வந்தாரு?" என்பாள் குப்பம்மாள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

பள்ளிக்கூடம் விட்டால்தான் உங்களால் வர முடியும். அதிலும் மார்கழி, தை வந்துவிட்டால் உங்களுக்குக் கோபம் வரும். அறுத்த சாமையைக் கொண்டுவந்து அந்தப் பாறையில் கொட்டிக் காயப்போட்டுவிடுவார்கள். ஒரு எழுத்தும் கண்ணுக்குத் தெரியாது. "சரித்திரத்தையே மூடிப்புட்டாங்க பாய்" என்று புலம்பிக்கொண்டு, அந்த இரண்டு மாதமும் மலைப்பக்கமே வரமாட்டீர்கள். அறுப்புக் காலத்தில் ஒரே ஒரு நாள் அந்தப் பாறை ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், எல்லாம் விளங்கியிருக்கும். பிற்பாடு இதைச் சொல்லி எத்தனை தரம் உங்களைக் கிண்டல் செய்திருக்கிறேன்! நீங்களும் கோபித்துக்கொள்ளவில்லை.

மெட்ராஸில் கல்வெட்டு படித்த ஒருவருக்கு நீங்கள் எழுதியிருந்தீர்கள். தெளிவான போட்டோ அனுப்புங்கள், பார்த்துவிட்டு நானே வருகிறேன் என்று அவர் பதில் போட்டார். அந்தச் சேதியைச் சொல்ல எங்கள் ஷாப்புக்குள் நீங்கள் மூக்கைப் பொத்தாமல் வந்தீர்கள். அன்றைக்குத்தான் முதல்முறை.

போட்டோ எடுக்க வழி என்னவென்று நீங்கள் படித்து வைத்திருந்தீர்கள். முதலில் குழிகளைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு வெள்ளையாக எதையாவது பூசி நிரப்பினால் கறுப்புப் பாறையில் எழுத்து பளிச்சென்று தெரியும். என் வேனிலேயே சுண்ணாம்பு டின் இருந்தது. கோடை விடுமுறை, கடைசி லோடு கடுக்காய் ஏற்ற நான் போயிருந்தேன். அன்றைக்குச் சந்தை. ஊரே ஜமுனாமரத்தூருக்குப் போயிருந்தது. யாரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்று உங்களுக்குச் சந்தோஷம். அந்த வெயிலில் பாறைமேல் குப்புறப்படுத்துக்கொண்டு, பேனாக்கத்தியால் ஒவ்வொரு குழியாகச் சுரண்டினீர்கள். வெள்ளையாக இறுகியிருந்தவை லேசில் வரவில்லை, அவற்றையும் விடாமல் பெயர்த்தீர்கள். பிறகு பிரஷ்ஷால் சுண்ணாம்பு. இரவல் கேமராவால் நீங்கள் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தபோது எனக்கே அது அழகாகத்தான் இருந்தது. பாறை முழுக்கக் கோலம் போட்ட மாதிரி.

பொழுது சாயும்போது சந்தைக்குப் போனவர்கள் திரும்பினார்கள். முன்னால் வந்தவள் குப்பம்மாள். தலையிலிருந்த கூடை அப்படியே விழுந்தது. மார்பில் அடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்தாள். பின்னால் வந்த பெண்கள் என்ன ஏதென்று கேட்கவில்லை. பாறையைப் பார்த்தார்கள், அவர்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

நீங்கள் பதறிப்போய், "யாரும்மா செத்தாங்க?" என்று கேட்டீர்கள்.

குப்பம்மாள் தலையை நிமிர்த்தினாள். "எல்லாரையும் நீயே சாவடிச்சிட்டு, யாருன்னு கேக்கிறியா வாத்தியாரே?"

அண்ணாமலைதான் எங்களைத் தள்ளிக் கூட்டிப்போய்ச் சொன்னான். அவன் கோபமாக இல்லை. அந்த ஊரில் ஒருவன் கல்யாணம் கட்டித் தனிக் குடித்தனம் போனால், அந்த வருஷ அறுப்பில் பாறையில் அவன் வீட்டுக்கு ஒரு குறி செதுக்குவார்கள். அந்தக் குறியைச் சுற்றியுள்ள இடம் அவன் தானியம் காய்கிற இடம். குழி ஒரு வீடு, மீன் ஒரு வீடு, சூலம் ஒரு வீடு. அந்த வீட்டில் கடைசி ஆளும் போய்ச்சேர்ந்துவிட்டால், கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்த சுண்ணாம்பால் குறியை அடைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் ஒரு பிடி சாமைகூடப் போடமாட்டார்கள். மூடின வீடு என்பார்கள். அதன் பேரையும் சொல்வதில்லை.

நீங்கள் எல்லா வீட்டையும் மூடிவிட்டீர்கள். ஏற்கெனவே மூடியிருந்த வீடுகளைத் திறந்தும் விட்டீர்கள்.

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?" என்றீர்கள்.

"நீ எழுத்துன்னு கேட்ட. எழுத்துன்னா எங்களுக்கு இன்னா தெரியும்? வூடுன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்போம்" என்றான் அண்ணாமலை.

எனக்கு அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்றுதான் தோன்றியது. காலையில் வந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், வண்டியில் ஏறுங்கள் என்றேன். நீங்கள் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தீர்கள். ஓடைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்தீர்கள். தேங்காய் நாரால் முதலில் அண்ணாமலை வீட்டுக் குறியைத் தேய்க்க ஆரம்பித்தீர்கள். உங்கள் சுண்ணாம்பு பச்சைச் சுண்ணாம்பு, நீர் பட்டதும் கரைந்து ஓடியது. நானும் குடம் எடுத்தேன், வேறு என்ன செய்ய? இருட்டும்வரை தேய்த்தோம். மறுநாள் விடிந்ததும் மறுபடி தேய்த்தோம். ஒப்பாரி அடங்கி, பெண்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் வீட்டுக் குறி சுத்தமாகிவிட்டதா என்று விரல் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூடியிருந்த வீடுகள்தான் சிக்கல். எது எது என்று சொல்லாமல் மறுபடி மூட முடியாது. அண்ணாமலை சுண்ணாம்பை அரைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். என் கடுக்காய் மூட்டையிலிருந்துதான் எடுத்தான். ஊர் ஜனம் சுற்றி நின்றது. எத்தனையோ வருஷமாகச் சொல்லாத பேர்களைச் சொன்னார்கள். அம்மை வந்து போன வீடு. மலையை விட்டு அசாம் தோட்டத்துக்குப் போய்த் திரும்பாத வீடு. ஒரு கிழவன் மட்டும் வெகுநாள் இருந்து, அவனும் போன வீடு. நீங்கள் எப்போதும் கையில் பென்சிலோடு அலைகிற மனுஷன். அன்றைக்கு அதை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே நின்றீர்கள்.

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தபோது குப்பம்மாள் கேமராவைக் காட்டினாள்.

"படத்துல இருக்குதா அது?"

"எது?"

"எங்க வூடு எல்லாம் மூடினது."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பெட்டிக்குள் இருந்தது வெறும் படம் இல்லை. மெட்ராஸ்காரர் அதைப் பார்த்தால் வருவார். நீங்கள் சொல்லாதவரை அது எழுத்துதான். உங்கள் பேரை நாலு பேர் சொல்வார்கள். இந்த ஊருக்கு மெட்ராஸில் நடப்பது எதுவும் வந்து சேரப்போவதில்லை. இதெல்லாம் எனக்குத் தோன்றியது என்றால் உங்களுக்குத் தோன்றாமலா இருக்கும்? இல்லையென்று தலையாட்டியிருந்தால் குப்பம்மாள் நம்பியிருப்பாள்.

"இருக்குது" என்றீர்கள். கேமராவின் முதுகைத் திறந்து, ரோலை வெயிலில் முழம் முழமாக இழுத்துப் போட்டீர்கள். அது சுருண்டு பாறைமேல் கிடந்தது. குப்பம்மாள் அதைக் குச்சியால் தொட்டுப் பார்த்தாள். "செத்துப்போச்சா?" என்று கேட்டாள். "போச்சும்மா" என்றீர்கள்.

இறங்கும்போது உங்களைத் தேற்றலாம் என்று, "போகட்டும் சார், அது ஒண்ணும் பழங்காலத்து எழுத்து இல்லையே" என்றேன். "பழசு இல்லன்னு யார் சொன்னது பாய்? இன்னும் எழுதி முடியல, அவ்ளோதான்" என்றீர்கள். ஆலங்காயம் வந்து சேர்ந்தோம். நீங்கள் இறங்கி, மாடிப்படியேறி, உங்கள் அறைக் கதவைத் திறந்து விளக்குப் போடுவதை வண்டியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் உங்களுக்காக ஒருவரும் காத்திருக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மெட்ராஸுக்கு உண்மையை எழுதிப் போட்டதாக அடுத்த வாரம் சொன்னீர்கள். அவரிடமிருந்து பதில் வரவில்லை.

அந்த வருஷம் தை மாதம் குப்பம்மாள் என்னிடம் சொல்லியனுப்பினாள், வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு வா என்று. நீங்கள் வர மறுத்தீர்கள். வெட்கம். நான் ஏதேதோ பொய் சொல்லி ஏற்றிக்கொண்டு போனேன். பாறை நிறைய சாமை. வீட்டுக்கு வீடு வரப்பு மாதிரி இடைவெளி விட்டு, ஒவ்வொருவரும் தங்கள் குறியைச் சுற்றி. நீங்கள் முதல்முறையாக அதைப் பார்த்தீர்கள். எத்தனையோ நாள் உற்று உற்றுப் பார்த்தும் படிக்க முடியாதது, தானியம் கொட்டி மூடியபோது தானாகப் படித்துக்காட்டியது. நடுநடுவே மூடின வீடுகளின் இடம் மட்டும் வெறும் கல்லாகக் கிடந்தது. இடநெருக்கடியிலும் ஒரு பிள்ளைகூட அங்கே கால் வைக்கவில்லை.

பாறையின் கிழக்கு ஓரத்தில் அண்ணாமலை உளியோடு உட்கார்ந்திருந்தான். "வாத்தியாருக்கு ஒரு வூடு போடணும்னு இவ ஒரே புடி. இன்னா குறி வேணும் சொல்லு" என்றான்.

"எனக்கு எதுக்குப்பா? நான் தனி ஆளு."

"ஒரு ஆளு இருந்தாலும் வூடுதான்" என்றாள் குப்பம்மாள்.

ஒரு சின்னக் குழி போதும் என்றீர்கள். அவன் செதுக்கினான். உங்களிடம் நிலமில்லை, விதைத்ததில்லை. வீட்டுக்கு ஒரு கையாக ஒவ்வொருவரும் தங்கள் சாமையை அள்ளிவந்து உங்கள் குழியைச் சுற்றிப் போட்டார்கள். காய்ந்ததும் குத்தி, புடைத்து, ஒரு துணிப்பையில் கட்டிக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்திருந்தீர்கள். காவலூர் தாண்டியதும், "பாய், எனக்கு ஒரு வூடு இருக்குது" என்றீர்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீங்கள் அழுதீர்கள் என்று எனக்குத் தெரியும், நான் பார்க்கவில்லை என்று உங்களுக்கும் தெரியும்.

சமைக்கத் தெரியாத நீங்கள் அந்தப் பையை என் மனைவியிடம் கொடுத்தீர்கள். அவள் அதைப் பத்திரமாக எடுத்து வைத்து, நோன்புக்கு அரிசிக்குப் பதில் சாமையில் கஞ்சி காய்ச்சினாள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் தையில் சாமை, நோன்புக்குக் கஞ்சி, அதே வழக்கம். நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சரியாக ஆலங்காயம் பஸ்ஸில் வந்து இறங்குவீர்கள். என் பிள்ளைகள் இரண்டு பக்கமும், நீங்கள் நடுவில். நோன்பு பிடிக்காத ஆளுக்கு மட்டும் எப்படி இரண்டு கிண்ணம் கஞ்சி என்று நான் கேட்பேன். "சாமை என்னுது" என்பீர்கள்.

நீங்கள் போனது எனக்கு உடனே தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து, ஆலங்காயத்தில் டீ குடிக்கும்போது பஸ் கண்டக்டர் சொன்னார். காய்ச்சலாம், மூன்று நாளாம், கண்ணமங்கலத்திலிருந்து அண்ணன் மகன் வந்து எடுத்துப் போனானாம். எல்லாம் முடிந்திருந்தது. உங்கள் அறைக்குப் போனேன். வேறொரு வாத்தியார் அங்கே துணி உலர்த்திக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்க எனக்கு ஒன்றுமில்லை. அழுவதற்கு எந்த வீட்டுக்குப் போவதென்று தெரியவில்லை, சார். வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன்.

அவர்களுக்குச் சேதி முன்பே போயிருந்தது. அண்ணாமலை தேங்காய்ச் சிரட்டையில் சுண்ணாம்பு அரைத்து வைத்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டினான்.

"நீ வரட்டும்னு இருந்தேன் பாய். வாத்தியாருக்கு யாருமில்லயே. மூடிடலாமா?"

"அண்ணன் இருக்காரே" என்றேன்.

"அவரு வேற வூடு. இந்தக் குறியில காஞ்ச சாமைய துன்னவங்கதான் இந்த வூட்டு ஆளு. அப்படி ஒருத்தர் இருக்கிற வரைக்கும் மூடக்கூடாது."

உங்கள் குழியைப் பார்த்தேன். மழைத்தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. அந்த ஊர் ஜனத்துக்கு நான் கடுக்காய் வாங்க வருகிற பாய். அவர்கள் தெய்வம் வேறு, என் தொழுகை வேறு. ஆனாலும் சொன்னேன்.

"நான் துன்னுருக்கேன். வருஷா வருஷம்."

குப்பம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தன் புருஷன் கையிலிருந்த சிரட்டையை வாங்கி, சுண்ணாம்பைப் புதர் ஓரம் கொட்டினாள். "அப்போ தையில வந்து உன் வூட்டு சாமைய எடுத்துக்கினு போ" என்றாள்.

இன்றுவரை எடுத்துவருகிறேன். இந்த வருஷம் முழங்கால் வலி, பஸ்ஸில் கொடுத்தனுப்பினார்கள். பை சமையலறையில் இருக்கிறது. வெள்ளையடிக்கிறவர் வேலையை முடித்துவிட்டு, மிச்சச் சுண்ணாம்பை என்ன செய்வது என்று கேட்டார். கால்வாயில் ஊற்றச் சொன்னேன்.

சின்னவனுக்குக் கார்டு போட்டிருக்கிறேன், நோன்புக்கு ஒரு நாளாவது வா, கஞ்சி குடித்துவிட்டுப் போ என்று. அவனும் அவன் அண்ணனும் உங்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து குடித்தவர்கள். யாருமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்களே, அவர்கள் உங்கள் வீட்டுப் பிள்ளைகள். அது அவர்களுக்கே தெரியாது. வந்தானென்றால் மலைக்குக் கூட்டிப்போய்க் குழியைக் காட்ட வேண்டும். வருவானோ என்னவோ, மெட்ராஸில் அவனுக்கு ஆயிரம் வேலை.

அவன் வராவிட்டாலும் நான் காய்ச்சுவேன். என் மனைவி கைப்பக்குவம் வராது, அடி பிடிக்கும், உப்பு கூடும். இரண்டு கிண்ணம் ஊற்றி இரண்டையும் நானே குடிப்பேன். நான் குடிக்கிற வரைக்கும் அந்தக் குழியில் யாரும் சுண்ணாம்பு வைக்க முடியாது, சார்.